தெளிதொனியும் முறுக்குத்தொனியும்: நம் மண்டபத்தில் எது இரைச்சல்?



தமிழ்ப்பள்ளி விழாக்களில் ஒரு விந்தையான வழக்கம் வேரூன்றிவிட்டது. மின்கித்தார் வாசிக்கும் மாணவன் வேண்டுமென்றே எழுப்பும் கரகரப்பை நாம் இரைச்சல் என்று சொல்லித் தடுக்கிறோம். அதே மேடையில், யாரும் கேட்காமல் ஒலிவாங்கி எழுப்பும் கரகரப்பை இரண்டு மணி நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறோம். ஏற்கத்தக்கதை விலக்கி, விலக்க வேண்டியதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கருத்து. இரண்டு கரகரப்புக்கும் காரணம் ஒன்றே. இரண்டும் முன்பெருக்கி என்னும் சிறு கருவியில் பிறப்பவை. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். நான் தமிழாசிரியன், மின்னணுப் பொறியாளன் அல்லன். ஆயினும் இதைப் புரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

மின்கித்தாரின் கம்பிகளுக்கு அடியில் ஓர் ஒலியெடுப்பி இருக்கும். காந்தமும், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக்கம்பியுமே அது. மேலே எஃகுக் கம்பி அதிரும்போது செப்புச் சுருளில் சிறு மின்னழுத்தம் உண்டாகிறது. அது பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, இரு பங்கு என்ற அளவினது. இவ்வளவு நலிந்த மின்குறிப்பால் ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்க இயலாது. முதலில் அதை ஊட்டி வளர்க்க வேண்டும். அந்த ஊட்டும் பணியைச் செய்வதுதான் முன்பெருக்கி. இன்று அது உள்ளங்கை அகலப் பெட்டியாகவே கிடைக்கிறது. அதன் முகப்பில் வழக்கமாக இருப்பவை பெருக்கக் குமிழ், தாழ்சுரம், நடுச்சுரம், உச்சசுரம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் குமிழ்கள், இறுதி ஒலியளவுக் குமிழ். காலால் அழுத்தும் பொத்தான் ஒன்றும் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்கு மாறலாம். இளைஞர்கள் முதல் தடத்தை ‘கிளீன்’ என்றும் இரண்டாவதை ‘ஓவர்டிரைவ்’ என்றும் அழைக்கிறார்கள். நான் இவற்றைத் தெளிதொனி, முறுக்குத்தொனி என்று எழுதுகிறேன். குமிழை முறுக்கிப் பெறுவதால் முறுக்குத்தொனி. வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்குத் தீபாவளிப் பலகாரம்தான் நினைவுக்கு வந்தது. அதனாலேயே சொல்லும் மறக்காமல் நின்றுவிட்டது.

தெளிதொனியில் உள்ளே போவது எதுவோ அதுவே பெரிதாகி வெளியே வருகிறது. மெல்லத் தீண்டினால் மெல்லிய ஒலி, வலிந்து தீண்டினால் வலிய ஒலி. ஒரு சிறிய நிழற்படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டது போல, உருவம் மாறுவதில்லை. முறுக்குத்தொனியில் நிகழ்வது வேறு. எந்தப் பெருக்கிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தைத் தாண்டி அதனால் எழ இயலாது. பெருக்கக் குமிழை மேலும் முறுக்கினால் அலையின் முகடுகள் அந்த வரம்பில் முட்டுகின்றன. முட்டிய இடத்தில் தலை வெட்டப்பட்டு மலைமுகடு மேட்டுநிலம் ஆகிறது. வெற்றிடக் குழாய்கள் அந்த முகட்டைச் சற்று வளைத்து, மெல்ல மழுக்குகின்றன. வேறு சில சுற்றுகள் கத்தியால் சீவியது போல் வெட்டுகின்றன. முன்னதன் ஒலி கனிந்த கரகரப்பு. பின்னதன் ஒலி முரட்டுச் சீற்றம்.

முகடு வெட்டப்பட்டால் புதிய ஒலிகள் பிறக்கின்றன. இதுதான் ஆசிரியர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டிய இடம். ஒரு சுரத்தின் அலையை மேலும் கீழும் சமமாக வெட்டினால் அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்கள் கூடுதலாகக் கேட்கத் தொடங்கும். கித்தாரின் ஐந்தாவது கம்பி திறந்த நிலையில் 110 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதைச் சட்சம் என்று கொள்வோம். மூன்று மடங்கான 330 ஹெர்ட்ஸ் மேல்நிலைப் பஞ்சமம். ஐந்து மடங்கான 550 ஹெர்ட்ஸ் அதற்கும் மேலுள்ள அந்தரகாந்தாரம். ஒரே கம்பியைத் தீண்டியிருக்கிறோம். சட்சமும் பஞ்சமமும் காந்தாரமும் சேர்ந்து எழுகின்றன. இதை வேறு எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றுகிறதல்லவா?

ஆம், தம்புராவில். நன்கு சுருதி சேர்த்த தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாக எழுவதைப் பிரிக்பீல்ட்ஸில் பாட்டு கற்கும் சிறுமியும் அறிவாள். அதன் குதிரை தட்டையாக, சிறிது வளைந்து இருக்கும். கம்பிக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலிழை வைத்து, ரீங்காரம் எழும் இடம்வரை முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். அந்த நூலுக்கு ஜீவாளி என்று பெயர். ஒலிக்கு உயிர் தருவது என்ற பொருளில் வைத்த பெயர் அது. நூலை எடுத்துவிட்டால் தம்புரா தூய்மையாகத்தான் ஒலிக்கும். ஆனால் அந்தத் தூய்மையை எந்தப் பாடகரும் விரும்பமாட்டார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் ஒளிச்சிதறல் ஆய்வில் புகழ்பெறுவதற்கு முன்பே, 1921ஆம் ஆண்டில், வீணை, தம்புரா ஆகியவற்றின் குதிரையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். கம்பியை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் தீண்டினால் சில மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது அக்காலத்து இயற்பியல் விதி. இக்கருவிகளிலோ அந்த மேற்சுரங்களும் வலுவாக எழுகின்றன என்று அவர் காட்டினார். கம்பி குதிரையின் வளைவை மீண்டும் மீண்டும் தொட்டு விலகுவதே காரணம். முன்பெருக்கி மின்சாரத்தால் செய்வதற்கும் ஜீவாளி நூலால் செய்வதற்கும் வழி வேறு. ஆனால் இரண்டும் கம்பியின் எளிய அசைவுக்கு ஒரு தடை வைத்து, அதிலிருந்து புதிய மேற்சுரங்களைப் பெறுகின்றன.

ஆகவே, ‘மின்கித்தாரின் கரகரப்பு நம் பண்பாட்டுக்குப் புறம்பானது’ என்று மேடையில் முழங்குவோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: முதலில் தம்புராவின் நூலை எடுத்துவிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ராக் இசையில் முறுக்குத்தொனியோடு பெரும்பாலும் வாசிக்கப்படுவது முழுமையான இசைக்கோவை அன்று. சட்சமும் பஞ்சமமும் மட்டுமே. இது ஏதோ சோம்பலால் வந்ததன்று. இரண்டு சுரங்கள் ஒன்றாக வரம்பில் முட்டும்போது அவற்றின் கூட்டலும் கழித்தலும் தனி ஒலிகளாகப் பிறக்கும். 110, 165 என்ற சட்ச பஞ்சம இணையின் கழித்தல் 55. அது சட்சத்தின் கீழ்நிலைச் சட்சம். கூட்டல் 275, அது 55இன் ஐந்து மடங்கு. எல்லாம் ஒரே குடும்பம். எனவே இரண்டு விரலால் வாசித்ததற்குக் கோயில் மணி போன்ற கனம் கிடைக்கிறது. இதே குமிழ்நிலையில் காந்தாரத்தையும் சேர்த்து வாசித்தால், கித்தாரின் சமப்பகுப்புச் சுருதியில் அந்தக் காந்தாரம் சற்றுக் கூடுதலாக இருப்பதால், பிறக்கும் ஒலிகள் பொருந்தாமல் உராய்ந்து சேறாகின்றன. அதற்குத் தெளிதொனியே உரியது. தம்புராவிலும் பஞ்சமமும் சட்சமும்தானே சுருதி சேர்க்கிறோம்! சட்சம், பஞ்சமம் என்ற இரு சுரங்களின் உறவை ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கு இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் விளக்க எனக்குத் தெரிந்த வழி இல்லை. கணக்குப் பாடத்தின் விகிதம், இசைப் பாடத்தின் சுரம், அறிவியல் பாடத்தின் அதிர்வு ஆகிய மூன்றும் ஒரே கம்பியில் தொங்குகின்றன.

தமிழறிந்த நண்பர் ஒருவர் இதற்கு ஓர் எதிர்வாதம் வைத்தார், அது வலுவானது. நரம்பிசைக்கு வரும் பகைகளாகச் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்ற நான்கைச் சிலப்பதிகாரம் வேனிற்காதையில் குறிப்பிடுகிறது. பண்ணோடு இயையாமல் ஒலிப்பது செம்பகை. அளவு கடந்து ஒலிப்பது ஆர்ப்பு. ஓசை மழுங்குவது கூடம். நரம்பைச் சிதறும்படி உந்துவது அதிர்வு. “இந்த ஆர்ப்பையும் அதிர்வையும்தானே உங்கள் பெட்டி காசு வாங்கிக்கொண்டு தருகிறது?” என்று கேட்டார். சிரிப்பு வந்தது, சிந்தனையும் வந்தது.

என் விடை இது. அந்நூல் அவற்றைக் குற்றம் என்று கூறும் இடம், இவற்றை நீக்கும் உத்தி அறிந்து வாசிக்கும் திறனைப் பேசும் இடம். கலைஞரின் கட்டுப்பாட்டுக்கு வெளியே தானாக வந்து புகுவதே பகை. கட்டுப்பாட்டுக்குள் வந்தபின் அதே ஒலி அணி ஆகலாம். பிள்ளை ‘பல்லி’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘பள்ளி’ என்றால் பிழை. கவிஞர் இரண்டையும் அருகருகே வைத்தால் சிலேடை நயம். உறுமியை எண்ணிப் பாருங்கள். அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசி உறுமச் செய்கிறார்கள். தோலில் உரசல் என்பது வேறு எந்த மேளத்திலும் குறை. உறுமிக்கு அதுவே பெயர். பத்துமலைத் தைப்பூசத்தில் காவடிகளுக்கு முன்னால் அந்த உறுமல் இல்லாமல் நாம் நடந்ததுண்டா?

உறுமியைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உறுமி மேளக் குழுவில் இருக்கும் பையன் என்றாலே நம் ஆசிரியர் அறைகளில் ஒரு புருவம் உயரும். கித்தாரை முறுக்குத்தொனியில் வாசிக்கும் பையனுக்கும் அதே புருவம்தான். ஒலியின் மீதுள்ள வெறுப்பு அன்று இது. அந்த ஒலியோடு நாம் சேர்த்துக் கட்டிய தோற்றத்தின் மீதுள்ள வெறுப்பு. நம் நாட்டில் இதற்கு ஒரு வரலாறே உண்டு. 1980களில் மலாய் ராக் இசை ஊரெங்கும் ஒலித்தது. 1992இல் அன்றைய தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட், நீண்ட முடி வைத்த கலைஞர்களுக்கு ஆர்.டி.எம். ஒளிபரப்பில் இடமில்லை என்றார். ‘சர்ச்’, ‘விங்ஸ்’ குழுக்களின் பாடகர்கள் முடியை வெட்டிக்கொண்டார்கள். முடிதான் குறைந்தது, கித்தாரின் தொனி குறையவில்லை. அந்தப் பாடல்களை இன்று நம் பெற்றோர்களே காரில் போட்டுக் கேட்கிறார்கள். சில காலத்திற்கு முன், பெயர் வேண்டாம், ஒரு பள்ளியின் விழா ஒத்திகையில் பதினைந்து வயது முன்னாள் மாணவன் ஒருவன் தமிழ்ப்பாடல் ஒன்றை மின்கித்தாரில் வாசித்தான். இரண்டாவது அடியில் காலால் பொத்தானை அழுத்தினான். “நிறுத்து, இது தமிழ்ப்பள்ளி” என்று ஒரு குரல் கேட்டது. அவன் எதுவும் சொல்லாமல் கம்பிவடத்தைச் சுருட்டினான். அவன் சுருட்டியது வடத்தை மட்டும் அன்று. தமிழ்ப்பள்ளியோடு அவனுக்கு மிச்சமிருந்த உறவையும்தான்.

‘தமிழிசையில் இதற்கு எங்கே இடம்?’ என்போருக்கு இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். முதலாமவர் மாண்டலின் யு. சீனிவாஸ் (1969–2014). மரபான மாண்டலினில் எட்டுக் கம்பிகள் இரட்டை இரட்டையாக இருக்கும். தீண்டிய உடனே ஒலி மடியும். கமகம் என்பது ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்திற்கு அசைந்து செல்வது. அசைந்து முடிவதற்குள் ஒலி மடிந்துவிட்டால் கமகம் ஏது? அவர் மின்மாண்டலினை எடுத்தார்; கம்பிகளை ஐந்தாகக் குறைத்து ஒற்றைக் கம்பிகள் ஆக்கினார். பெருக்கியின் துணையால், தெளிதொனியிலேயே, கருநாடக இசையின் நீண்ட கமகங்களை வாசித்தார். இரண்டாமவர் தமிழகத்தின் கித்தார் பிரசன்னா. கீர்த்தனைகளை மின்கித்தாரில் வாசிப்பவர். 2006இல் ‘எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்ற தொகுப்பை ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக வெளியிட்டவர். இராகமும் முறுக்குத்தொனியும் ஒன்றாக வருவது அங்கே கேட்கலாம். இது வெறும் அலங்காரம் அன்று. முகடு வெட்டப்படுவதால், கம்பியின் அசைவு தளர்ந்த பின்னும் ஒலி நெடுநேரம் ஒரே உயரத்தில் நிற்கிறது. குழலைப் போலவும் நாகசுரத்தைப் போலவும் மூச்சுள்ள கருவியாகக் கித்தார் மாறுகிறது. நாகசுரத்தை நேசிக்கும் காதுக்கு இது அயலாகத் தோன்றக் காரணமே இல்லை.

தெளிதொனியை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலில் கித்தாரைக் கேட்ட எவரும் அப்படிச் சொல்லமாட்டார். ஈப்போவில் 1961இல் பிறந்து, 2012இல் சிங்கப்பூரில் மறைந்த பால் பொன்னுதுரை ஒரே கித்தாரில் ஒரு குழுவையே வாசித்துக் காட்டியவர். அவர் பெயரைக்கூட நம் பிள்ளைகள் கேள்விப்பட்டதில்லை என்பது தனி வருத்தம். தொடக்கநிலை மாணவன் முதல் ஓராண்டாவது தெளிதொனியில்தான் பழக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தெளிதொனி எந்தப் பிழையையும் மறைக்காது. விரல் பாதி அழுத்திய சுரம் பாதியாகவே கேட்கும். முறுக்குத்தொனி எல்லாவற்றையும் ஒரே உயரத்திற்குத் தூக்கிவிடுவதால் வலிமை, மென்மை என்ற வேறுபாடு குறையும். ஏனோதானோ வாசிப்பும் வீரமாகத் தோன்றும். எழுத்துப் பயிற்சியில் நான்குகோட்டு ஏடு எதற்கோ, அதற்கே தெளிதொனி. அதில் தேறியவனுக்கு மற்றொரு பொத்தானைத் தடை செய்யாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்த முறுக்குத்தொனி தனிக் கருவியான கதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்கது. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ என்ற அமெரிக்கப் பாடலைப் பதிவு செய்தபோது, ஒலிக்கலவைப் பலகையின் முன்பெருக்கித் தடம் ஒன்று பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த கித்தார் கரகரத்தது. அதை அழிக்காமல் விட்டார்கள். பாடல் வெற்றி பெற்றது. எல்லாரும் அதே ஒலியைக் கேட்கத் தொடங்கவே, ஒலிப்பொறியாளர் கிளென் சினாடி அந்தப் பழுதைத் தனிக் கருவியாகவே வடிவமைத்தார். 1962இல் ‘மேஸ்ட்ரோ பஸ்டோன்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பழுதுக்குக் காப்புரிமை வாங்கிய கதை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இதில் மலேசியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1979இல் ஜப்பானின் ஐபனீஸ் நிறுவனம் வெளியிட்ட ‘டியூப் ஸ்கிரீமர்’ என்ற பச்சை நிற மிதிப்பெட்டி, உலகெங்கும் கித்தார் கலைஞர்கள் போற்றும் முறுக்குத்தொனிக் கருவி. அதன் இதயம் 4558 என்னும் எட்டுக்கால் சில்லு. தொடக்ககாலப் பெட்டிகள் சிலவற்றில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சில்லு உள்ளது. அதன் முதுகில் ‘மலேசியா’ என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்தச் சொல் தெரிகிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்துச் சேகரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்நிறுவனத்தின் தொழிற்சாலை கோலாலம்பூரில் 1972 முதல் இயங்குகிறது. நம் சுபாங் ஜெயாவுக்குப் பக்கத்திலுள்ள சுங்கைவேயிலும் அதே காலகட்டத்தில்தான் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. சுபாங் ஜெயாவே அதுவரை சீபீல்டு ரப்பர்த் தோட்டம். பால்மரக் காட்டை விட்டு வந்த எத்தனையோ தமிழ்ப் பெண்கள் அக்காலத் தொழிற்சாலைகளில் உருப்பெருக்காடிக்கு முன் அமர்ந்து, முடியினும் மெல்லிய கம்பிகளை ஒட்டினார்கள். உங்கள் மகனின் கால்பெட்டிக்குள் இருக்கும் சில்லின் உறவினர்களை அவன் பாட்டி தொட்டிருக்கக்கூடும். ‘இது நம்முடையது அன்று’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

இனி ஒலிவாங்கிக்கு வருகிறேன். உண்மையில் என் மனம் கொதிப்பது இங்கேதான்.

மேடையில் நாம் கையில் பிடிக்கும் ஒலிவாங்கி தருவது வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே. கலவைப் பலகையின் முன்பெருக்கி அதை நூறு மடங்கு, சில வேளைகளில் ஆயிரம் மடங்கு பெருக்குகிறது. பள்ளி மண்டபங்களில் அந்தப் பெருக்கக் குமிழ் எப்போதோ, யாராலோ, முழுதாக முறுக்கப்பட்டு அப்படியே கிடக்கிறது. விழா நாளில் யாரும் அதைத் தொடுவதில்லை. சத்தம் மிகுந்தால் இறுதி ஒலியளவை மட்டும் குறைக்கிறார்கள். வெட்டு முன்பெருக்கியிலேயே நிகழ்ந்துவிட்டதால், பின்னால் குறைத்துப் பயனில்லை. வெட்டுண்ட ஒலிதான் சற்று மெதுவாகக் கேட்கும். இவ்வாறு பேச்சுப்போட்டியில் நிற்கும் ஒன்பது வயதுக் குழந்தையின் குரலை நாமே முறுக்குத்தொனிக்கு உள்ளாக்குகிறோம்.

கித்தாருக்கு அணியாவது பேச்சுக்கு ஏன் நஞ்சாகிறது? ல, ள, ழ என்ற மூன்றையும் செவி பிரித்தறிவது பெரும்பாலும் 1500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒலியின் ஆற்றல் எங்கே குவிகிறது என்பதைக் கொண்டுதான். ழகரத்தில் நா பின்னோக்கி வளைவதால் அந்தக் குவியல்களில் ஒன்று கீழிறங்கும். குரலின் முகடு வெட்டப்பட்டால் அதன் மடங்குகளெல்லாம் அந்தப் பகுதியில் கொட்டி நிரம்பிவிடும். மேடும் பள்ளமும் சமமாகிவிடும். பின்பு ‘வாழை’யும் ‘வாளை’யும் ஒன்றுபோலவே கேட்கும். மாதக்கணக்கில் ஒரு பிள்ளைக்கு ழகரம் பழக்கி, மேடையில் அதைக் கொன்றுவிட்டு, “உச்சரிப்பில் கவனம் தேவை” என்று நீதிபதி தாளில் குறிக்கிறார். என் மாணவர்களுக்கு இது நேர்ந்திருக்கிறது. உங்கள் மாணவர்களுக்கும் நேர்ந்திருக்கும். மொழிப்பற்றைப் பற்றி ஒலிபெருக்கியில் முழங்குகிறோம்; அந்த ஒலிபெருக்கியே மொழியின் சிறப்பெழுத்தை மென்று துப்புகிறது.

தீர்வு ஒரு காசும் கேட்பதில்லை. விழாவுக்கு முன்தினம், போட்டியாளர்களில் மிக உரக்கப் பேசும் பிள்ளையை மேடையேற்றுங்கள். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். பிள்ளை உச்சக்குரலில் பேசும்போது கலவைப் பலகையில் அந்தத் தடத்திற்குரிய சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது மினுக்கென்று எரிந்தாலும் பெருக்கக் குமிழைக் குறையுங்கள். எரியாத இடத்திற்கும் சற்றுக் கீழே நிறுத்துங்கள். மண்டபத்துக்குத் தேவையான ஒலியளவை அதன்பின் நழுவு விசையால் கூட்டிக்கொள்ளுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை.

கித்தார் வாசிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். தொனிப்பெட்டியிலிருந்து வடத்தை நேராகப் பள்ளியின் கலவைப் பலகையில் செருகினால் தகரத்தைச் சுரண்டுவது போல்தான் கேட்கும். ஆசிரியர் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. கித்தாருக்கென்று செய்த ஒலிபெருக்கிகள் ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வெகுவாகக் குறைத்துவிடும். முறுக்குத்தொனியின் முட்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். மண்டப ஒலிபெருக்கியோ எல்லா முட்களையும் அப்படியே வீசும். ஆகவே, அந்தப் பெட்டி ஒலிபெருக்கியைப் போலி செய்யும் வசதி கொண்ட முன்பெருக்கியாக இருக்க வேண்டும். இன்றைய சிறுபெட்டிகள் பலவற்றில் அது உண்டு. இல்லாவிட்டால் கித்தார் ஒலிபெருக்கியின் முன் ஓர் ஒலிவாங்கியை வையுங்கள். ஒத்திகையில் இதைச் செய்துகாட்டாமல் “எங்கள் இசையை யாரும் புரிந்துகொள்வதில்லை” என்று குறைபட வேண்டாம்.

பெற்றோரின் அச்சம் பெரும்பாலும் காது பற்றியது. அது முறையான அச்சம்தான். ஆனால் முறுக்குத்தொனி வேறு, பேரொலி வேறு. பெருக்கக் குமிழை ஏற்றி, இறுதி ஒலியளவை இறக்கினால், பக்கத்து அறையில் பாட்டி உறங்கும்போதும் முறுக்குத்தொனியில் வாசிக்கலாம். காதைக் கெடுப்பது அளவும் நேரமும். நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒலி வெளிப்பாட்டு விதிமுறைகள் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக 85 டெசிபல் என்ற வரம்பை வைத்திருக்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. 94 டெசிபலில் அது ஒரு மணி நேரம் மட்டுமே. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் மகனின் கித்தாரைவிட, ஒலிபெருக்கிக்கு இரண்டடி தொலைவில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை வரிசையாக அமரவைக்கும் நம் விழா ஏற்பாடுதான் கவலைக்குரியது. அந்த நாற்காலிகளைப் பின்னுக்கு நகர்த்தப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதில்லை.

வரும் ஆண்டுவிழாவிற்கு நான் முன்வைக்கும் கோரிக்கைகள் இரண்டே. கலவைப் பலகையில் ஒவ்வொரு தடத்தின் பெருக்கக் குமிழுக்கும் சரியான இடத்தைக் கண்டு, வெள்ளை ஒட்டுநாடாவில் கோடு கிழித்து, கீழே ‘இதைத் தாண்டாதீர்’ என்று தமிழில் எழுதி வையுங்கள். நிகழ்ச்சி நிரலில் இடைவேளைக்குப் பிறகு நான்கு நிமிடங்களை முன்னாள் மாணவர்களின் கித்தாருக்கு ஒதுக்குங்கள். அவர்கள் எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். ஒத்திகையில் நானும் கடைசி வரிசையில் அமர்ந்து, மண்டபத்தின் அந்த மூலைவரை ழகரம் வந்து சேருகிறதா என்று கேட்டுச் சொல்கிறேன்.